தராசில் ஏறாதவள்

"தொண்ணூத்தி நாலு! எழுதிக்கோங்க, தொண்ணூத்தி நாலு!"

மண்ணச்சநல்லூர் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கிற செவ்வாய்க்கிழமை அது. எடை பார்த்த அம்மாள், உள்ளறையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினாள். கேட்டது என்னவோ வராந்தாவில் வரிசை கட்டி நின்ற முப்பது பெண்களுக்கும். பின்னாலிருந்து ஒருத்தி "அம்மாடியோவ்" என்றாள். பானுமதி தராசிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

ஒரு மனுஷியின் எடையை இப்படியா ஏலம் போடுவது? கேட்டால், "இதுல என்னம்மா இருக்கு, உள்ளதைத்தானே சொன்னேன்" என்பார்கள். உள்ளதைச் சொல்வதற்கும் ஊரைக் கூட்டிச் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள்! அன்றைக்கு மட்டும் அந்த அம்மாள் குரலைத் தணித்திருந்தால் பின்னால் எதுவும் நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாதுதான். பானுமதிக்கு அது புதிதும் இல்லை.

மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் நைட்டிப் பிரிவில் ஒன்பது வருஷமாக நிற்கிறவள் அவள். வருகிறவர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள்: "எங்க நாத்தனாருக்கு வேணும், கிட்டத்தட்ட இந்தம்மா சைஸ்தான். இவங்களுக்கு அளவா இருக்கிற மாதிரி ஒண்ணு எடுங்க." அளவு டேப் ஒன்று அங்கே மாட்டித்தான் இருந்தது. ஆனாலும் டபுள் எக்ஸெல் கேட்கிறவர்களுக்குப் பானுமதிதான் டேப். அவளும் சிரித்துக்கொண்டே தோளில் நைட்டியை வைத்துக் காட்டுவாள். என்ன செய்வது, சிரிக்காவிட்டால் வேலை போய்விடும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்தக் கடையில் அவள் கண்ணுக்கு நிகராக வேறு கண் கிடையாது. வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றும்போதே எந்த அளவு, தோள் இறக்கம் எவ்வளவு, துவைத்தால் எத்தனை விரல் சுருங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வந்தவர்கள் அபூர்வம்.

புருஷன் முருகானந்தம் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் தராசுக்காரன். இருபத்தைந்து கிலோ சிப்பம் ஒவ்வொன்றையும் மேடைத் தராசில் ஏற்றி இறக்கி எடை சரிபார்ப்பது அவன் வேலை. நல்ல மனுஷன், வாய் அதிர்ந்து பேச மாட்டான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன பானுமதியைப் பார்த்து, மூட்டை தூக்கும் வீரமலை, "அண்ணி, அப்படியே தராசுல ஏறி நில்லுங்க, எத்தனை சிப்பம்னு பாத்துருவோம்" என்றான். ஆலையே சிரித்தது. முருகானந்தமும் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. அன்றைக்கு வெளியே வந்தவள் நாலு வருஷமாக அந்த ஆலைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்தது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் இடுப்பு வலி கண்டு, கடைசியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அதுவரை பால் சரியாக இறங்கவில்லை. மஞ்சளாகச் சில சொட்டு வந்தது, அவ்வளவுதான். நர்ஸ் ஒருத்தி போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் என்ன குறை, தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருவெள்ளறையில் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். பானுமதியின் அம்மா அமிர்தம், வந்து பார்க்கிற ஒவ்வொருத்தியிடமும் அதையே சொன்னாள். "எம் பொண்ணு உடம்புக்கு ரெண்டு பிள்ளைக்குப் பால் இருக்கும். ஒத்தப் பிள்ளை எம்மாத்திரம்!" வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். பெருத்த மார்பைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பானுமதிக்கே வரவில்லை.

பத்தியம் ஆரம்பமானது. காலையில் இரண்டு இட்லி, மதியம் பூண்டுக் குழம்பு ஊற்றிய ஒரு பிடி சோறு, ராத்திரிக்கு ஒன்றுமில்லை. தண்ணீர், நாளுக்கு இரண்டு டம்ளர், அதுவும் வெந்நீர். "தண்ணி குடிச்சா வயிறு ஊதிப்போயிரும். இப்போ விட்டா எப்பவும் இறங்காதுடி" என்று சொல்லிப் பழைய வேட்டியைக் கிழித்து அடிவயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள் அமிர்தம். வெளியே தலை வெடிக்கிற வெயில், உள்ளே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஆனால் அம்மாவை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. முருகானந்தத்தின் அக்கா போனில், "பால் குடு பானு, ஆறு மாசத்துல கொடி மாதிரி ஆயிடுவ" என்றிருந்தாள். அந்த ஒரு வார்த்தை போதும், தாகத்தைக் கூடச் சந்தோஷமாகப் பொறுத்துக்கொண்டாள் பானுமதி. அம்மா மூன்றாவது இட்லியை வைத்த நாளில் இவளே எடுத்துத் திரும்பப் போட்டாள். பிள்ளை குடிக்கக் குடிக்கத் தன் சதை கரைகிறது என்று நினைத்துக்கொண்டு, மணிக்கணக்காக அதை மார்போடு வைத்திருந்தாள்.

பிள்ளையோ தங்கமான பிள்ளை. அழவே அழாது. மார்பில் வைத்தால் நாலு முறை சப்பிவிட்டுக் கண் மூடிக்கொள்ளும். தொட்டிலில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். "என் வயித்துல பொறந்தது ஊரையே கூட்டுச்சு, அது வயித்துல பொறந்தது பாரு, சத்தம் காட்டுதா!" என்று அமிர்தம் பெருமைப்பட்டுவிட்டு, தன் கண்ணே பட்டுவிடும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பிள்ளை ஒண்ணுக்குப் போன துணியில் செங்கல் நிறத்தில் ஒரு கறை இருந்தது. "சூடு" என்றாள்.

ஆறாம் நாள் கிராமத்து நர்ஸ் லின்சி வந்தாள். ஸ்கூட்டியின் முன்னால் அவளுடைய தொங்கு தராசு, கொக்கியில் மாட்டுகிற துணித் தூளி, அட்டை போட்ட பதிவேடு. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, "பாப்பாவைக் குடுங்க, எடை பாத்துருவோம்" என்றாள்.

"பச்சப் பிள்ளையைத் தராசுல தொங்கவிடறதா?" என்றாள் அமிர்தம். "முப்பது கழியட்டும் நர்சம்மா. கண்ணு பட்டுரும்."

"கண்ணு எல்லாம் படாதும்மா. ரெண்டு நிமிஷ வேலை. பானுமதி, நீங்க சொல்லுங்க."

அமிர்தத்தை லின்சி சமாளித்திருப்பாள். இந்த மாதிரி எத்தனை அம்மாக்களை அவள் பார்த்திருக்கிறாள்! சமாளிக்க முடியாமல் போனது பானுமதியைத்தான். ஆணியில் மாட்டப்போகிற அந்த வட்டத் தராசையும் அதன் முள்ளையும் பார்த்ததும் பானுமதியின் காதில் வேறொரு குரல் கேட்டது. இன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு எண்ணைச் சொல்வார்கள். கூடுதலாக இருந்தால் "அம்மா மாதிரியே" என்பார்கள். குறைவாக இருந்தால்... அந்தப் பக்கம் அவள் மனது போகவே மறுத்தது. பெண்ணாய்ப் பிறந்ததற்கு ஆறாம் நாளே ஆரம்பித்துவிட வேண்டுமா இந்தச் சனியன்?

"நேத்துதான் திருச்சியில டாக்டர்கிட்ட காட்டினோம் சிஸ்டர்" என்றாள். "எடை பாத்தாங்க. மூணு கிலோ."

"சீட்டு இருக்கா?"

"அவர்கிட்ட இருக்கு."

லின்சி ஒரு கணம் யோசித்தாள். இன்னும் பதினோரு வீடு பாக்கி. வெளியே வெயில். "நல்லாத்தான் ஏறியிருக்கு" என்று பதிவேட்டில் மூன்று கிலோ என்று எழுதிக்கொண்டு, தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்று முருகானந்தத்தின் அக்கா பிள்ளை போட்ட பழைய ஜப்லாவைத்தான் போட்டிருந்தார்கள். முதுகுப் பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற ஜப்லா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அதன் இரண்டு ஓரமும் சேரவில்லை, இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் பானுமதி முடிச்சுப் போட்டாள். எட்டாம் நாள் காலையில் அதே ஜப்லாவின் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. நாடாவைச் சுருக்கிக் கட்டியும் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது.

துவைத்துத் துவைத்துத் தொளதொளத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யார் சொல்வது பாருங்கள்! ஒன்பது வருஷமாக, "காட்டன்தாங்க, துவைச்சா சுருங்கத்தான் செய்யும், ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கோங்க" என்று சொல்லி விற்றவள். வாசலில் நிற்கிறவளின் அளவு தெரிந்த கண்ணுக்கு மடியில் கிடப்பதன் அளவு தெரியாமலா போகும்? தெரிந்தது. தெரிந்ததை மென்று முழுங்கிவிட்டு, அன்றைக்குப் பகல் முழுக்கப் பிள்ளையைத் துண்டில் சுற்றியே வைத்திருந்தாள், தன் கண்ணிலிருந்தே மறைக்கிறவள் மாதிரி.

ஒன்பதாம் நாள் காலை அமிர்தம் காலை நீட்டிப் போட்டுப் பேத்தியைக் குளிப்பாட்டினாள். வெந்நீர் தலையில் விழுந்தால் எந்தப் பிள்ளையும் வீறிடும். இது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. உதடு காய்ந்திருந்தது. உச்சந்தலையில் குழி விழுந்திருந்தது. தொடையில் தோல் தனியாக மடிந்து நின்றது.

"ஏன்டி, பிள்ளை அழலியேடி" என்றாள் அமிர்தம். இந்தத் தடவை அதில் பெருமை இல்லை.

பானுமதி எழுந்து ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். முருகானந்தத்துக்குப் போடவில்லை, லின்சிக்குப் போட்டாள்.

"சிஸ்டர், நான் பொய் சொல்லிட்டேன். எந்த டாக்டர்கிட்டயும் போகல. எடையே பாக்கல. எம் பிள்ளைக்கு என்னமோ ஆவுது, சீக்கிரம் வாங்க."

பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டி வாசலில் நின்றது. வருகிற வழியிலேயே லின்சி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டாள். கதவு நிலையில் இருந்த ஆணியில் தராசை மாட்டி, தூளியில் பிள்ளையை வைத்தாள். முள் இரண்டரையைத் தொடாமலே நின்றுவிட்டது. இரண்டு நானூறு.

"அரைக் கிலோ" என்றாள் லின்சி. அவள் முகம் வெளுத்துவிட்டது. "அரைக் கிலோ போயிருக்கு பானுமதி! மூணு கிலோன்னு சொன்னீங்களே, அதை நம்பி எழுதிட்டுப் போனேனே. ஏம்மா, எங்கிட்ட எதுக்கும்மா பொய்?"

பானுமதி பிள்ளையைத் தூளியிலிருந்து வாரி எடுத்தாள். அழவில்லை. ஆம்புலன்ஸில் திருச்சி போகிற வரைக்கும் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே போனாள். மண்ணச்சநல்லூரில் வண்டி நின்று, தகவல் கேட்டு வந்து நின்ற முருகானந்தம் ஏறிக்கொண்டதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி உள்ளே கொண்டு போனார்கள். துளியூண்டு கையில் ஊசி ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றி ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டதாம், அதை மெதுவாகத்தான் இறக்க வேண்டுமாம், அவசரப்பட்டால் மூளைக்கு ஆகாதாம். இரண்டு நாள் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர் மஹ்ஜபீன். முருகானந்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்த இரண்டு நாளை எப்படித்தான் தள்ளினாளோ! வராந்தாவில் தூணோரம் உட்கார்ந்தபடி, எல்லாத் தெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டாள். எதையும் தருகிறேன் என்று வேண்டவில்லை. "எம் புத்தியை மன்னிச்சிரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் நாள் காலை உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. நர்ஸ் வெளியே வந்து, "பானுமதி பேபி, யாரு? பசிக்குதாம், வாங்க" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வயிறு குலுங்கக் குலுங்க அழுதாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

மஹ்ஜபீன் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். குரலை உயர்த்தாத டாக்டர்.

"எடை அதிகமா இருக்கிறவங்களுக்குப் பால் இறங்க ரெண்டு மூணு நாள் கூடுதலா ஆகலாம்மா. எல்லாருக்கும் இல்ல, நிறைய பேருக்கு அப்படி ஆகும். முதல் பிள்ளை, வலியும் ரொம்ப நேரம். மார்பு பெருசா இருக்கறது கொழுப்பு. பால் சுரக்கிறது வேற. ரெண்டுக்கும் சம்பந்தமில்ல."

"எல்லாரும் எனக்கு நிறைய இருக்கும்னு சொன்னாங்க டாக்டர்."

"சொல்லுவாங்க. அதனாலதான் உங்களை மாதிரி இருக்கிறவங்களை இன்னும் கவனமாப் பாக்கணும். பிள்ளை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது, எடை ஏறுதான்னு. உடம்பு பெருசா இருக்கறது உங்க தப்பில்ல. பட்டினி கிடந்தீங்களே, அதை ஏன் செஞ்சீங்க? தண்ணிகூடவா குடிக்கக்கூடாது?"

பானுமதி தலை குனிந்து, கொடி மாதிரி ஆக ஆசைப்பட்ட கதையைச் சொன்னாள். சொல்லும்போது நாக்கு கூசியது. மஹ்ஜபீன் சிரிக்கவில்லை. "அது மெதுவா நடக்கும், நடக்காமலும் போகும். இப்போ அதை மறந்துருங்க. நல்லாச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பால் பீய்ச்சுகிற அறை என்று ஒன்று இருந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம் அங்கே போய் உட்கார வேண்டும். பக்கத்து நாற்காலியில் கோதா. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்காரி, எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கோதா ஒற்றை நாடி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், நாற்பது கிலோ தேறமாட்டாள். அவள் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கிண்ணம் நிரம்பிவிடும். பானுமதி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினால் அடி மறைகிற அளவுக்கு வரும். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"எங்காத்துக் குழந்தை வேளைக்கு ரெண்டு ஸ்பூன்தான் சாப்பிடறது" என்றாள் கோதா ஒருநாள், தன் கிண்ணத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு. "மிச்சத்தைக் கொட்டறதுக்கா பெருமாள் குடுத்தார்? இல்லாத குழந்தைகளுக்குப் போகட்டும்னு சொல்லிட்டேன். நீங்கோ கிண்ணத்தையே பாத்துண்டு இருக்கேளே, அதான் வரமாட்டேங்கறது. அந்தப் பக்கம் பாத்துண்டு ஏதாவது பேசுங்கோ."

யார் பால் யார் பிள்ளைக்குப் போகிறது என்று சொல்ல மாட்டார்கள். பரிசோதித்து, சூடுபடுத்தி, பாலாடையில் ஊற்றி வரும். பானுமதி தன் பிள்ளையின் வாயோரம் பாலாடையைச் சாய்க்கும் போதெல்லாம் கோதாவின் துருத்திய கழுத்தெலும்புதான் ஞாபகத்துக்கு வரும். எந்த உடம்பில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யார் கண்டது!

அங்கேதான் பிள்ளையைப் பிடிக்கிற விதமும் கற்றுக்கொண்டாள். மடியில் குறுக்கே போட்டால் இவள் வயிறும் மார்பும் இடித்துப் பிள்ளையின் மூக்கை அடைத்தது, அதனால்தான் நாலு சப்போடு விட்டுவிட்டிருக்கிறது. கைப்பையை இடுக்குவது மாதிரி கக்கத்தில் இடுக்கி, மார்புக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்துக் கொடுத்ததும் வாய் நிறையப் பிடித்தது. முதல்முறையாக விழுங்குகிற சத்தம் கேட்டது.

பதினைந்தாம் நாள் இரண்டு கிலோ அறுநூற்றி இருபதோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மஹ்ஜபீன் கறாராகச் சொன்னார்: "வீட்டுல உங்க பாலோட டப்பாப் பாலும் குடுங்க, அதுவும் பாதி அளவுதான். ஒரு வாரம் பாப்போம். இருநூறு கிராம் ஏறியிருந்தா உங்க பால் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏறலேன்னா அன்னைக்கே இங்க வந்துரணும். பிள்ளை பழைய நிலைமைக்குப் போகக் கூடாது."

அந்த வாரம் திருவெள்ளறை வீட்டில் யுத்தம்தான். பானுமதி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். வயிற்றில் கட்டியிருந்த வேட்டித் துணியை அவிழ்த்து எறிந்தாள். அமிர்தம் ஒரு தரம் "வயிறு..." என்று ஆரம்பித்தாள்.

"வயிறு எங்கிட்டயே இருக்கட்டும்மா. பிள்ளை இருந்தா போதும்."

அமிர்தம் அதற்கப்புறம் நாலு இட்லி வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவதையும் வைத்தாள்.

இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து பானுமதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லின்சி வந்தாள், ஆனால் தராசைத் தூக்கிக் காட்டினாள். வண்டியிலிருந்து விழுந்து முள் ஒட்டிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்துத் தராசு முகாமுக்குப் போயிருக்கிறதாம். "திங்கக்கிழமை காலையில முதல் வேலையா பாத்துருவோம்."

திங்கட்கிழமையா? இன்னும் இரண்டு பகல், இரண்டு ராத்திரி. பிள்ளையின் எடை ஏறியதா, மறுபடி இறங்குகிறதா என்று தெரியாமலா? அன்றைக்கும் இப்படித்தானே நாள் நாளாக விட்டோம்?

"தராசு இருக்கு சிஸ்டர்" என்றாள் பானுமதி. "மண்ணச்சநல்லூர்ல. என் வீட்டுக்காரர் ஆலையில."

"அது மூட்டை போடற தராசு. பாப்பாவை அந்த இரும்புல படுக்கவைக்க முடியாது. கை காலை உதறினா நம்பர் ஓடிக்கிட்டே இருக்கும்." லின்சி யோசித்தாள். "யாராவது தூக்கிக்கிட்டு ஏறணும். அப்புறம் அவங்க மட்டும் ஏறணும். கழிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்." சொல்லிவிட்டு, பானுமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே சொன்னாள்: "நான் ஏறறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

பானுமதி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். ஆலைக்குள் உமித்தூசி மிதந்தது. லாரி ஒன்று பாதி ஏற்றியபடி நின்றது. பானுமதி பிள்ளையோடு உள்ளே நுழைந்ததும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வீரமலை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். முருகானந்தம் ஓடிவந்தான்.

"என்ன பானு, பாப்பாவுக்கு..."

"எடை பாக்கணும். தராசைத் துடைங்க."

அவன் துடைத்தான். எண்கள் ஒளிர்கிற பெட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான், ஆட்கள் பார்க்காதபடி. நாலு வருஷத்துக்கு முன்னால் சிரித்தவனால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் போலும். லின்சி குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.

"இல்ல சிஸ்டர், நானே ஏறறேன்" என்றாள் பானுமதி. "என்னங்க, அதை இந்தப் பக்கம் திருப்புங்க. சத்தமாப் படிங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இரும்பு மேடை உள்ளங்காலில் சுட்டது. பிள்ளை கக்கத்தில் ஒட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது, ஜப்லாவையும் கழற்றி அதன்மேல் துண்டை மட்டும் போர்த்தியிருந்தாள்.

"தொண்ணூத்தஞ்சு முன்னூறு" என்றான் முருகானந்தம்.

"துண்டு உங்க தோள்லயே இருக்கட்டும். பாப்பாவை மட்டும் குடுங்க" என்று லின்சி வாங்கிக்கொண்டாள்.

பாதிக் குடியில் பிடுங்கிய கோபம் பிள்ளைக்கு. வாயைத் திறந்து வீறிட்டது பாருங்கள்! அப்பா, என்ன சத்தம்! தங்கமான பிள்ளை, அழவே அழாத பிள்ளை, அரிசி ஆலையின் தகரக் கூரை அதிர அழுதது. அந்தச் சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் பானுமதியின் மார்பில் ஊசி குத்துவது மாதிரி சுருக்கென்றது. அத்தனை ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தராசின்மேல் தன்னந்தனியாக நிற்கிறாள், ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து துண்டும் நனைகிறது. வீரமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. இத்தனை நாள் கிண்ணத்தின் அடியில் தேடித் தேடிப் பார்த்தது இதோ கேட்காமல் வருகிறது.

"தொண்ணூத்திரெண்டு நானூறு" என்றான் முருகானந்தம்.

லின்சி கழித்துப் பார்க்கக் காகிதம் தேடினாள். ஒன்பது வருஷம் பில் போட்டவளுக்குக் காகிதம் எதற்கு?

"ரெண்டு தொள்ளாயிரம்" என்றாள் பானுமதி.

பிறந்த அன்றைக்கு என்ன எடையோ அதே எடை. இருபத்திரண்டு நாள் கழித்து, சாவு வரைக்கும் போய்த் திரும்பி, பிள்ளை புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. டப்பாப் பால் இன்னும் நிற்கவில்லை. முழுக்க நிற்குமா என்று மஹ்ஜபீனுக்கே உறுதியில்லை. அந்த உப்பு மூளையை எதுவும் செய்யவில்லையா என்று ஆறு மாதம் கழித்து ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. அதெல்லாம் பானுமதிக்குத் தெரியும். ஆனாலும் முருகானந்தம் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியபோது, அவளுக்கு அவன்மேல் இருந்த பழைய மனத்தாங்கல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

லின்சி பதிவேட்டை விரித்தாள். மூன்று கிலோ என்று எழுதி, பிறகு சிவப்பு மையில் அடித்திருந்த வரிக்குக் கீழே இரண்டு தொள்ளாயிரம் என்று எழுதினாள். பக்கத்தில் தாயின் எடை என்று ஒரு கட்டம், பிரசவத்துக்கு அப்புறம் காலியாகவே கிடந்தது. அதைத் தாண்டிப் பதிவேட்டை மூடப்போனாள்.

"அதையும் எழுதுங்க சிஸ்டர்" என்றாள் பானுமதி, கத்துகிற பிள்ளையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கியபடி. "தொண்ணூத்திரெண்டு நானூறு."